பூனைக்குட்டியின் தந்தை: அபூஹுரைரா (ரலி)

 

 

நம் கொட்டாரத்தில் பூனை இல்லாத தெரு இல்லை. வயலும் குளமும் வாழைத் தோப்பும் சூழ்ந்த ஊர். எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கும். ஒரு தாயார் தம் பேரனிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார்கள். வெளியே சுற்றும் பூனை ஒன்று, மழை பெய்தால் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வருகிறதாம், முஸல்லாவில் சுருண்டு படுக்கிறதாம். பேரன் அதற்குப் பால் வைக்கிறான். பக்கத்து வீட்டாரோ, அது சாக்கடை எலியைத் தின்றுவிட்டு வருகிறது, அது படுத்த இடத்தில் தொழுகை கூடாது, சாக்கில் கட்டிக் கொண்டு போய் தூரத்தில் விட்டுவிடுங்கள் என்கிறார்களாம். அதைக் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாமா, எப்படி வைத்துக்கொள்வது, இல்லை விரட்டிவிடுவதா?

சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதில் ஒரு தொழுகை இருக்கிறது, ஒரு குழந்தையின் இரக்கம் இருக்கிறது, வாயில்லாத ஓர் உயிரும் இருக்கிறது. ஆகவே இந்த வாரம் ஒரு ஸஹாபியின் வாழ்க்கையைச் சொல்கிறேன். பூனையைத் தம் பெயரிலேயே சுமந்தவர் அவர்: ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி).

அவர்களுடைய இயற்பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. அதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்களுடைய பெயர் பற்றியும் தந்தையின் பெயர் பற்றியும் முப்பது அளவுக்குக் கருத்துகள் இருப்பதாக இமாம் நவவி (ரஹ்) அவர்களே எழுதியிருக்கிறார்கள். அவற்றில் உறுதியானது அப்துர் ரஹ்மான் இப்னு ஸக்ர் என்பது. அறியாமைக் காலத்தில் அப்து ஷம்ஸ், அதாவது சூரியனின் அடிமை என்று பெயர் இருந்ததாகவும் அறிவிப்பு உண்டு. யமன் பக்கத்தில் வாழ்ந்த தவ்ஸ் கோத்திரத்தார். தந்தையை இழந்த அநாதை. வயிற்றுச் சோற்றுக்காகப் பிறர் வீட்டில் கூலி வேலை பார்த்தவர். புஸ்ரா பின்த் கஸ்வான் என்ற பெண்மணியின் வீட்டாருக்கு ஊழியம் செய்தார்கள். பின்னாளில் அதே பெண்மணியையே மணம் முடிக்கும் நிலைக்கு அல்லாஹ் அவர்களை உயர்த்தினான்.

இளமையில் தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்தார்கள். அப்போது அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவானால் அதை ஒரு மரத்தில் வைப்பார்கள். விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்குப் போவார்கள், அதோடு விளையாடுவார்கள். அதைப் பார்த்துத்தான் அபூஹுரைரா என்று அழைத்தார்கள். இது திர்மிதியில் வரும் செய்தி. சட்டைக் கையில் பூனைக்குட்டியைச் சுமந்து வந்ததைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்களே அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று இன்னோர் அறிவிப்பும் இருக்கிறது. ஹிர் என்றால் ஆண் பூனை, ஹிர்ரா என்றால் பெண் பூனை. ஹுரைரா என்பது செல்லமாகச் சுருக்கிச் சொல்வது, நாம் பூனைக்குட்டி என்பது மாதிரி. நாயகம் (ஸல்) அவர்கள் அபூஹிர் என்றும் அன்போடு கூப்பிடுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அது பட்டு மெத்தையில் வளர்ந்த பூனை அல்ல. ராத்திரி மரம், பகலில் மேய்ச்சல் காடு. மணலிலும் ஆட்டுப் புழுக்கையிலும் புரண்டிருக்கும். நம் தெருப்பூனைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் பூனை பற்றி நிறையக் கதைகள் சுற்றுகின்றன. நாயகம் (ஸல்) அவர்களுக்கு முயஸ்ஸா என்று ஒரு பூனை இருந்ததாம், அது அங்கியின் கைப்பகுதியில் தூங்கியதால் அதை எழுப்பாமல் துணியையே வெட்டினார்களாம். அபூஹுரைராவின் பூனை பாம்பிடமிருந்து நாயகத்தைக் காப்பாற்றியதாம். இவற்றுக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் கிடையாது. பூனையை நேசிப்பது ஈமானில் உள்ளது என்ற வாசகமும் நபிமொழி அல்ல, இட்டுக்கட்டப்பட்டது என்று அறிஞர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் நாயகத்தின் பெயரால் இல்லாததைச் சொல்வது பெரும் பாவம். பூனை மேல் இரக்கம் காட்ட நமக்கு ஸஹீஹான செய்திகளே போதும்.

துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் அழைப்பால் தவ்ஸ் கோத்திரத்தில் இஸ்லாம் பரவியது. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கைபர் போர் நேரத்தில் அபூஹுரைரா (ரலி) மதீனா வந்து சேர்ந்தார்கள். வரும் வழியில் அவர்களுடைய அடிமை தவறிப் போனார். பிறகு நாயகத்தின் முன்னால் அமர்ந்திருந்தபோதே அந்த அடிமை வந்து நின்றார். பிடித்துக் கட்டவில்லை, அந்த இடத்திலேயே அல்லாஹ்வுக்காக உரிமை விட்டார்கள். கையில் வேறு சொத்து எதுவும் இல்லாத மனிதர் செய்த காரியம் இது.

மதீனாவில் அவர்களுக்கு வீடு இல்லை. பள்ளிவாசலின் திண்ணையில் தங்கியிருந்த சுஃப்பாத் தோழர்களில் ஒருவரானார்கள். பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாள்கள் உண்டு. மிம்பருக்கும் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுந்து கிடப்பார்கள். வலிப்பு நோய் என்று நினைத்துக் கழுத்தில் காலை வைப்பவர்களும் உண்டு. நோய் எதுவுமில்லை, பசிதான்.

அப்படி ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுக்கு ஒரு கோப்பைப் பால் அன்பளிப்பாக வந்தது. அபூஹிர்ரை அழைத்து, சுஃப்பாவில் உள்ள எல்லோரையும் கூட்டி வரச் சொன்னார்கள். இவர்களுக்கோ மனதில் கவலை. அத்தனை பேருக்கு இந்தப் பால் எம்மாத்திரம்? பரிமாறும் வேலையும் நமக்குத்தான் வரும், நமக்கு என்ன மிஞ்சும்? ஆனாலும் போய் அழைத்து வந்தார்கள். ஒவ்வொருவராக வயிறு நிரம்பக் குடித்தார்கள். பிறகு அபூஹுரைராவைக் குடிக்கச் சொன்னார்கள். இனி இடமில்லை என்று சொல்லும் வரை குடிக்கச் சொன்னார்கள். கடைசியில் மீதியை அருந்தியது நாயகம் (ஸல்). பசித்த வயிற்றின் அருமை தெரிந்த மனிதர் அபூஹுரைரா. பசியைப் பற்றி அவர்கள் அறிவித்த ஒரு ஹதீஸுக்குப் பின்னால் வருகிறேன்.

அவர்களுடைய தாயார் இஸ்லாத்தை ஏற்காமல் இருந்தார்கள். ஒரு நாள் தாயாரை அழைத்தபோது நாயகத்தைப் பற்றி மனம் நோகும்படி பேசிவிட்டார்கள். மகன் அழுதுகொண்டே நாயகத்திடம் வந்தார். தாயைத் தண்டிக்கச் சொல்லவில்லை, ஹிதாயத்துக்காக துஆ கேட்டார். நாயகம் (ஸல்) துஆ செய்தார்கள். மகிழ்ச்சியோடு வீட்டுக்குத் திரும்பினால் கதவு சாத்தியிருக்கிறது. மகனின் காலடி ஓசை கேட்டதும் தாயார் உள்ளிருந்தே அங்கேயே நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது. குளித்து, உடை உடுத்தி, கதவைத் திறந்து, கலிமாவைச் சொன்னார்கள். சற்று முன் கவலையால் அழுதவர் இப்போது சந்தோஷத்தில் அழுதுகொண்டே ஓடினார். தாயார் குளித்தது உடம்பு அழுக்கைப் போக்க மட்டுமா? ஷரீஅத்தில் தூய்மை என்றால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு நீங்குவது மட்டுமல்ல. அதேபோல, கண்ணுக்கு அழுக்காகத் தெரிவதெல்லாம் அசுத்தமும் அல்ல. நம்முடைய பூனைக் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. சேறு அழுக்கு, நஜீஸ் அல்ல. தூசி அழுக்கு, நஜீஸ் அல்ல. மூத்திரமும் மலமும் இரத்தமும் நஜீஸ், துணியில் பட்ட கறை கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் நஜீஸ். பூனையின் உடம்பும் எச்சிலும் எந்தப் பக்கம்?

அபூகதாதா (ரலி) என்ற அன்சாரித் தோழருக்கு அவர்களின் மருமகள் கப்ஷா ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு பூனை வந்து குடிக்கப் பார்த்தது. பெரியவர் விரட்டவில்லை. பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள், அது குடித்து முடிக்கும் வரை. மருமகள் வியப்போடு பார்த்ததும் விளக்கம் சொன்னார்கள். பூனை அசுத்தமானது அல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் வீட்டு உயிர்களில் ஒன்று என்று நாயகம் (ஸல்) சொன்னதைத் தெரிவித்தார்கள். முவத்தாவிலும் சுனன் நூல்களிலும் வரும் செய்தி இது. ஆயிஷா நாயகி (ரலி) தொழுதுகொண்டிருந்தபோது ஒருவர் ஹரீஸா கொண்டுவந்து வைத்தார்; பூனை அதில் வாய் வைத்தது. தொழுகை முடிந்ததும், பூனை தின்ற அதே இடத்திலிருந்து அவர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள் என்று அபூதாவூதில் இருக்கிறது.

காரணத்தைப் பாருங்கள். பூனை குளித்துச் சுத்தமாக இருக்கிறது என்பது காரணமாகச் சொல்லப்படவில்லை. உங்களைச் சுற்றி வருகிறது, தவிர்க்க முடியாது என்பதே காரணம். வெளியே போய் உள்ளே வரும் பூனையைத் தெரிந்தேதான் இந்தச் சட்டம் வந்தது.

பூனையின் தந்தை என்று பெயர் எடுத்த அபூஹுரைரா (ரலி) இந்த விஷயத்தில் என்ன சொன்னார்கள்? இங்கேதான் அவர்களின் நேர்மை தெரிகிறது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணால் கழுவ வேண்டும் என்ற ஹதீஸை அறிவித்தவர் அவர்கள். அதன் ஓர் அறிவிப்பில், பூனை வாய் வைத்தால் ஒரு தடவை கழுவ வேண்டும் என்றும் வருகிறது. அது நபிமொழியின் பகுதி அல்ல, அபூஹுரைராவின் சொந்தச் சொல் என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். எப்படியானாலும், பூனை மேல் உள்ள பாசத்தால் அவர்கள் சட்டத்தை வளைக்கவில்லை.

இதனால்தான் இமாம்களிடம் இரண்டு விதமான பேச்சு. ஷாஃபிஈ மத்ஹபில் பூனையின் எச்சில் சுத்தம், அது குடித்த மீதியில் ஒளு செய்வது வெறுப்புக்குரியதும் அல்ல. ஹனஃபி மத்ஹபில் சுத்தம்தான், ஆனால் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது லேசான மக்ரூஹ். நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

சரி, எலியைத் தின்ற வாயோடு வந்தால்? ஃபிக்ஹு நூல்களில் நம் முன்னோர் இதையும் விட்டுவைக்கவில்லை. உங்கள் கண் முன்னால் எலியைத் தின்று, இரத்தம் படிந்த வாயை அப்படியே குடத்துத் தண்ணீரில் வைத்தால், அந்தத் தண்ணீர் நஜீஸ். ஷாஃபிஈ கணக்கில் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த தண்ணீருக்கு இந்தச் சட்டம். ஆனால் அந்தப் பூனை கண்ணை விட்டு மறைந்து, வேறெங்காவது நிறைந்த தண்ணீரில் வாய் வைத்திருக்க வாய்ப்புள்ள அளவு நேரம் கழித்துத் திரும்பி வந்து குடித்தால், தண்ணீர் நஜீஸ் ஆகாது. குளமும் வாய்க்காலும் உள்ள நம் ஊரில் அந்த வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. பார்க்காத எலியை நினைத்து நாம் கவலைப்பட வேண்டாம். பள்ளிவாசல் ஹவுளில் பூனை தண்ணீர் குடித்ததைப் பார்த்துவிட்டு வந்து முறையிடும் அன்பர்களுக்கும் இதுவே பதில்.

முஸல்லாவில் படுத்தால் அதை உதறிவிட்டுத் தொழுங்கள். முடி ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் தொழுகைக்குக் கேடில்லை. ஹனஃபியில் அந்த முடி சுத்தம். ஷாஃபிஈயில் உதிர்ந்த முடி நஜீஸ் என்றாலும் கொஞ்சமானது மன்னிக்கப்படுகிறது, பூனை வளர்க்கும் வீட்டாருக்குச் சலுகை இன்னும் கூடுதல். நிறைய இருந்தால் துடைத்து எடுங்கள். சேற்றுக் காலடியைத் துடைத்தால் போதும். மூத்திரம் பெய்திருந்தால் மட்டும் அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றி முறையாகக் கழுவ வேண்டும், வாடையும் போகும் வரை. தொழும் அறையின் கதவைச் சாத்தி வைப்பதும் முஸல்லாவை மடித்து வைப்பதும் யாருக்கும் சிரமமில்லாத வழி.

இனி குளிப்பாட்டுவது. பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா, அரம் போலச் சொரசொரவென்று இருக்கும். அதில் பின்னோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள் உண்டு. அதுவே அல்லாஹ் கொடுத்த சீப்பு. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை அது தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கிறது. ஆகவே ஆரோக்கியமான பூனையை வாராவாரம் குளிப்பாட்டத் தேவையில்லை. ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நனைந்து வந்தால் பழந்துணியால் துவட்டுங்கள். சேறு காய்ந்த பிறகு சீப்பால் வாரினால் உதிர்ந்துவிடும். வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலோ கிரீஸோ பூசிக்கொண்டு வந்தால்தான் வெதுவெதுப்பான நீரில் பூனைக்கான ஷாம்பு போட்டு அந்த இடத்தைக் கழுவ வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். பூனையின் உடம்பில் நாம் எதைப் பூசினாலும் அதை அது நக்கும். அது வயிற்றுக்குள் போகும். சுத்தம் செய்கிறோம் என்று பினாயில் கலந்த தண்ணீரில் முக்குவது, உண்ணிக்காக மண்ணெண்ணெய் தடவுவது, எறும்புப் பொடி தூவுவது, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் போடுவது, இவையெல்லாம் அதைக் கொன்றுவிடக் கூடியவை. காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுப்பதும் அப்படியே, பூனைக்கு அது விஷம். உண்ணியோ சொறியோ கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முற்றத்து மூலையில் ஒரு பழைய தட்டில் மணல் போட்டு வைத்தால் அங்கேயே கழித்து மூடிவிடும்; தினமும் அள்ளிப் போடுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம், கருவைப் பாதிக்கும் கிருமி அதில் இருக்கலாம். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும். பூனை சுத்தம் என்று ஷரீஅத் சொன்னது தொழுகைக்கு. மருத்துவத்தை விட்டுவிடச் சொல்லவில்லை.

சாக்கில் கட்டிக் கொண்டு போய் விடுவது பற்றிக் கேட்டீர்கள். பசியைப் பற்றிய அந்த ஹதீஸ் இதற்குத்தான். ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் நரகம் போனாள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். அதைக் கட்டிப் போட்டாள். உணவும் கொடுக்கவில்லை. பூமியில் ஊர்ந்து திரியும் சிறு உயிர்களைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. இப்னு உமர் (ரலி) அவர்களும் இதை அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பெண் பூனையை அழுக்காக வைத்திருந்தாள் என்று அதில் இல்லை. பூனை வெளியே போய்ப் பூச்சியும் எலியும் தின்பது அதன் உரிமையாகவே அங்கே பேசப்படுகிறது. வாயைக் கட்டிய சாக்கில் மூச்சு முட்ட, கண் திறக்காத குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, சந்தை ஓரத்தில் வீசிவிட்டு வருவது எந்த வகையில் சேரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள முடியாதவர் கதவைச் சாத்தலாம். அது குற்றமில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியையும் நமக்குத் தந்தவர் அபூஹுரைராதான். நாய் வாய் வைத்தால் ஏழு தடவை கழுவு என்று அறிவித்த அதே நாவு.

நாயகத்தோடு அவர்கள் இருந்தது நான்கு ஆண்டுகூட முழுமையாக இல்லை. ஆனால் அறிவித்த ஹதீஸ்கள் 5,374 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஸஹாபாக்களில் இதுவே அதிகம். மற்றவர்கள் வியாபாரத்திலும் தோட்ட வேலையிலும் இருந்தபோது இவர்கள் வயிறு நிரம்பினால் போதும் என்று நாயகத்தின் கூடவே இருந்தார்கள். மறந்துவிடுகிறது என்று முறையிட்டபோது போர்வையை விரிக்கச் சொல்லி, பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள் நாயகம் (ஸல்). அதன் பிறகு மறக்கவே இல்லை. எண்ணூறு பேருக்கும் அதிகமானோர் அவர்களிடம் ஹதீஸ் கேட்டதாக இமாம் புகாரி (ரஹ்) சொல்கிறார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனுக்கு ஆளுநராக இருந்தார்கள். பதவி போனது, பிறகு மீண்டும் அழைத்தபோது வேண்டாம் என்றுவிட்டார்கள். பின்னாளில் மதீனாவில் மர்வானுக்குப் பதில் பொறுப்பு வகித்த நாள்களில்கூட விறகுக் கட்டை முதுகில் சுமந்துகொண்டு கடைத்தெரு வழியாகப் போவார்கள், அமீருக்கு வழி விடுங்கள் என்று தாமே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு. அவர்கள் வீட்டில் இரவு மூன்று பங்காக இருந்தது. ஒரு பங்கில் அவர்கள் தொழுவார்கள், முடித்ததும் மனைவியை எழுப்புவார்கள், மனைவி பணியாளரை எழுப்புவார். அந்த வீட்டில் ராத்திரியின் எந்தப் பங்கிலும் தொழுகை நின்றதில்லை.

ஏறத்தாழ எழுபத்தெட்டு வயதில், மதீனாவுக்கு வெளியே அகீக்கில் இருந்த தம் வீட்டில் நோயுற்றார்கள். ஹிஜ்ரி 57, 58, 59 என்று மூன்று விதமாகவும் சொல்லப்படுகிறது. படுக்கையில் அழுதார்கள். இந்த உலகத்துக்காக அல்ல, பயணம் நீளமாக இருக்கிறது, கட்டுச்சோறு குறைவாக இருக்கிறது என்பதற்காக. தம் கப்ருக்கு மேல் கூடாரம் போட வேண்டாம், ஜனாஸாவோடு நெருப்பு கொண்டுவர வேண்டாம், சீக்கிரம் எடுத்துச் செல்லுங்கள் என்று வஸிய்யத் செய்தார்கள். அகீக்கிலிருந்து தோள்களில் சுமந்து வந்து, மதீனாவில் தொழுகை நடத்தி, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்தார்கள். ரளியல்லாஹு அன்ஹு.